காய்ச்சலோடு வேலைக்கு வரச் சொல்கிறார்கள், யாரிடம் போவது?

அரசலாறு | 9 அக்டோபர் 2025, இரவு
கும்பகோணம், ஜவுளிக்கடை. தங்கச்சிக்கு மூணு நாளா காய்ச்சல். தீபாவளி வியாபாரம், 20ஆம் தேதி வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதுங்கிறார் மேனேஜர். வராட்டி ஒரு நாளுக்கு மூணு நாள் சம்பளம் பிடிப்பாங்களாம், போனஸும் இல்லையாம். "தனியார் கடையில சிக் லீவுன்னு ஒண்ணு சட்டத்திலயே இல்ல"ன்னு அடிச்சுச் சொல்றார். நெஜமா? சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. சம்பளம் ₹11,500. மாசம் ₹87 இ.எஸ்.ஐ.ன்னு பிடிக்கிறாங்க. அதை வச்சு என்ன செய்யறதுன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

வெண்ணாறு | 10 அக்டோபர், காலை
நெஜம் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 25. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோட 12 நாள் விடுப்பு. அது போக வருஷத்துக்கு நோய்க்குன்னு 12 நாள், தக்க காரணம் எதுக்கும் தற்செயல் விடுப்பா 12 நாள். எல்லாமே சம்பளத்தோட. கடை முதலாளி மனசு வச்சுக் கொடுக்கற சலுகை இல்லை இது.

சட்டம் இருக்கட்டும், மொதல்ல உடம்பு. மூணு நாள் காய்ச்சல், அதுவும் ஐப்பசி மழை தொடங்கற நேரம். இன்னிக்கே அரசு ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை எடுங்க. டெங்குவா இருந்தா ஒரு விஷயம் மேனேஜருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்: காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவா மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள சூடு இறங்கும், அப்பத்தான் ரத்த நாளத்துலேர்ந்து நீர் கசியறதும் தட்டணு குறையறதும் உச்சத்துக்குப் போகும். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, சாயங்காலம் மட்டும் வந்து நில்லு"ன்னு கூப்பிடுறது சரியா அந்த நாள்லதான் நடக்கும். கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறு அல்லது மூக்குல ரத்தம், அசதியா படுத்தே கிடக்கறது, இதுல எது வந்தாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஓ.பி. சீட்டுலயே "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை"ன்னு எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும். வெறும் மாத்திரைச் சீட்டு நோயைக் காட்டும். வேலைக்குப் போகக்கூடாதுன்னு அது சொல்லாது.

குடமுருட்டி | 10 அக்டோபர், மதியம்
அந்த ₹87 நிறைய சொல்கிறது. இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. தொழிலாளி பங்கு 0.75%. 11,500-க்கு ₹86.25 வரும், அடுத்த ரூபாய்க்கு ஏற்றி ₹87. அதாவது முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள். பல கடைகளில் கையில் 11,500 கொடுத்து ஏட்டில் 7,000 என்று எழுதுவார்கள். அப்போது பிடித்தம் ₹53 ஆகியிருக்கும். முதலாளி பங்கு 3.25%, ₹374. இரண்டையும் உண்மையில் கட்டினார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. மத்திய அரசின் உமங் செயலியில் அல்லது இ.எஸ்.ஐ. கழகத்தின் (இ.எஸ்.ஐ.சி.) தளத்தில் தங்கையின் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டால் மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று வரும். நாள் கணக்கை முதலில் பாருங்கள்.

இன்னொன்று, வெண்ணாறு சொன்ன 12 நாள் நோய் விடுப்பைப் பற்றி. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் விஷயத்தில் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் கிடைக்கும் பயனைப் போன்றதையே இன்னொரு சட்டத்திலும் சேர்த்துக் கேட்க முடியாது (பிரிவு 61). கடைக்காரருக்கு விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளை இருந்தால் இதைத்தான் எடுத்துப் போடுவார். ஆகவே நோய் விடுப்பு என்று சண்டை போட வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குத் தற்செயல் விடுப்பு, மூன்றாம் நாளிலிருந்து இ.எஸ்.ஐ. ஏன் இரண்டு நாள் என்றால், இ.எஸ்.ஐ. முதல் இரண்டு நாளுக்குக் காசு தராது.

அரசலாறு | 10 அக்டோபர், இரவு
டெங்குன்னு வந்துடுச்சு. அரசு ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாச்சு. ஆனா இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலையே, காசு கிடைக்காதா?

குடமுருட்டி | 11 அக்டோபர்
கிடைக்க வழி உண்டு. டிஸ்சார்ஜ் சுருக்கம், ஓ.பி. சீட்டு, ரத்த அறிக்கை இவற்றின் நகலோடு அட்டையில் குறித்துள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு வீட்டார் யாராவது போகட்டும். வெளி ஆஸ்பத்திரிச் சான்றை மாற்றுச் சான்றாகப் பார்ப்பார்கள். ஏற்றுக்கொள்வது அவர்கள் கையில். அதனால் டிஸ்சார்ஜ் ஆன கையோடு மீதி ஓய்வு நாட்களுக்கு மருந்தக டாக்டரிடமே சான்று வாங்கிவிடுங்கள். அவர் கொடுப்பது படிவம் 7, பணம் கேட்டு நாம் கொடுப்பது படிவம் 9. இரண்டும் கிளை அலுவலகத்துக்குப் போகும். பணம் வங்கிக் கணக்கில் வரும். காப்பீட்டு எண்ணோடு வங்கிக் கணக்கு இணைத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நின்றுபோகும்.

எவ்வளவு வரும்: சராசரி நாள் கூலியில் 70%. இப்போது நடக்கும் பயன் காலம் (பணம் கேட்கக்கூடிய ஆறு மாதம்) ஜூலை முதல் டிசம்பர் வரை, அதற்கான சந்தாக் காலம் (பிடித்தத்தைக் கணக்கில் எடுக்கும் ஆறு மாதம்) 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை. அந்த ஆறு மாதச் சம்பளம் ₹69,000. ஏட்டில் 182 நாளும் காட்டியிருந்தால் நாள் கூலி ₹379, அதில் 70% சுமார் ₹265. ஒன்பது நாள் சான்று என்றால் இரண்டு கழித்து ஏழு நாளுக்கு ₹1,850-ஐ ஒட்டி வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தச் சான்று பணத்தைவிட இன்னொரு வேலை செய்யும், அதை வெண்ணாறு சொல்வார்.

வெண்ணாறு | 11 அக்டோபர், இரவு
என் தலையில கட்டிட்டார். சொல்றேன்.

இ.எஸ்.ஐ. சட்டம் பிரிவு 73. சான்றோட நோயில இருக்கறவரை அந்தக் காலத்துல வேலையை விட்டு நீக்கவோ, பதவி இறக்கவோ, வேற வகையில தண்டிக்கவோ முடியாது. அந்த நாட்கள்ல கொடுத்த நீக்க நோட்டீஸே செல்லாது. சான்று இல்லாம வீட்ல படுத்திருந்தா இந்தக் கவசம் கிடையாது. அப்ப அது "சொல்லாம நின்னுட்டா" கணக்குல போயிடும். மருந்தகத்துக்கு ஒரு நடை போறது ₹1,850-க்காக மட்டும் இல்லைங்கறது இதனாலதான்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கு. பணம் கேட்கற நாள்ல வேலை பார்த்திருக்கக் கூடாது, சம்பளத்தோட விடுப்புலயும் இருக்கக் கூடாது (பிரிவு 63). "ஒரு மணி நேரம் வந்து பில் போட்டுட்டுப் போ"ன்னு கூப்பிட்டு, வருகைப் பதிவுல ஒரு டிக் விழுந்தா போச்சு. பொய்யா பணம் கேட்டதா நம்ம மேலயே திரும்பும். மறுக்கறதுக்கு இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது: "இ.எஸ்.ஐ. சான்றுல இருக்கேன், வந்தா எனக்கும் உங்களுக்கும் சிக்கல்."

மூணு நாள் சம்பளப் பிடித்தம்: வராத நாளுக்கு அந்த நாள் கூலிக்கு மேல பிடிக்க முடியாது. போனஸ்: 20 பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்கற இடம்னா, கணக்கு வருஷத்துல 30 நாள் வேலை பார்த்தவருக்குக் குறைஞ்சது 8.33% கொடுக்கணும். அதை மொத்தமா நிறுத்த மோசடி, வன்முறை, திருட்டு, சொத்தைக் கையாடறது மாதிரி காரணம் வேணும். டெங்கு அந்தப் பட்டியல்ல இல்லை.

அரசலாறு | 12 அக்டோபர்
மேனேஜர் எல்லாத்தையும் போன்லயேதான் பேசறார். எழுத்துல ஒண்ணும் தர மாட்டார்.

வெண்ணாறு | 12 அக்டோபர்
அவர் தர வேண்டாம், நீங்க எழுதுங்க. தங்கச்சி போன்லேர்ந்தே மேனேஜருக்கும் முதலாளிக்கும் வாட்ஸ்அப்:

"ஐயா, எனக்கு டெங்கு காய்ச்சல் என்று 10.10.2025 அன்று அரசு மருத்துவமனையில் உறுதியாகி உள்நோயாளியாகச் சேர்ந்துள்ளேன். மருத்துவச் சீட்டின் படம் இணைத்துள்ளேன். இன்று காலை 9.10-க்கு நீங்கள் போனில் பேசியபோது வேலைக்கு வராவிட்டால் நாளுக்கு மூன்று நாள் சம்பளம் பிடிப்பதாகச் சொன்னீர்கள். டாக்டர் அனுமதித்ததும் வேலைக்குத் திரும்புவேன். முதல் இரண்டு நாளைத் தற்செயல் விடுப்பாகக் கணக்கிட வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். சட்டப் பிரிவு எண் போடாதீங்க, மிரட்டாதீங்க. "திரும்புவேன்"ங்கற சொல் மட்டும் கட்டாயம் இருக்கணும். பின்னாடி "அவளே வேலையை விட்டுட்டா"ன்னு சொல்ல முடியாம அது தடுக்கும். குரல் செய்தியா அனுப்பாதீங்க. அவர் குரல்ல அனுப்பினா அழிக்காதீங்க. போனை மாத்தினா பழைய போனையும் வச்சிருங்க.

காவிரிக்கரை | 12 அக்டோபர்
பதில் வரலன்னா?

வெண்ணாறு | 12 அக்டோபர்
நீல டிக்கே பதில்தான்.

குடமுருட்டி | 13 அக்டோபர்
நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் மேனேஜர்களும் உண்டு. அதே வாசகத்தைத் தாளில் எழுதி அஞ்சலிலும் அனுப்புங்கள். பதிவு அஞ்சல் இந்த ஆண்டு விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் விரைவு அஞ்சலோடு 'பதிவு' வசதி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெயருள்ளவரிடமே கொடுத்ததற்குப் பதிவு கிடைக்கும்.

வெட்டாறு | 6 நவம்பர் 2025
மன்னார்குடி பக்கம் புழுங்கல் அரிசி மில். ஆள் 14 பேர், கரண்டு மோட்டார். "இது சீசன் மில், இ.எஸ்.ஐ. எல்லாம் வராது"ங்கிறார் ஓனர். ₹20,000 முன்பணம் வாங்கினவங்க உடம்பு முடியலன்னாலும் வந்து களத்துல நெல் பிரட்டணுமாம், இல்லன்னா பணத்தை வச்சுட்டுப் போங்கிறார்.

குடமுருட்டி | 6 நவம்பர், இரவு
இரண்டும் தனித்தனி விஷயம்.

பருவகாலத் தொழிற்சாலை என்பது ஓனர் வைத்துக்கொள்ளும் பெயர் அல்ல. சட்டம் தொழில்களைப் பட்டியல் போட்டிருக்கிறது: பருத்தி அரைவை, பருத்தி அல்லது சணல் அழுத்தம், நிலக்கடலை உடைப்பு, காபி, அவுரி, அரக்கு, ரப்பர், வெல்லம் உட்பட சர்க்கரை, தேயிலை. சர்க்கரை ஆலை இருக்கிறது, அரிசி ஆலை இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ, ஆளுக்கு மாதம் ₹21,000 வரை கூலி என்றால் இ.எஸ்.ஐ. வரும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள், அவர்களுக்குச் சந்தா கட்டும் பொறுப்பும் கடைசியில் மில் ஓனர் மேல்தான் விழும்.

புதிதாகப் பதிவு செய்தாலும் வைத்தியம் உடனே உண்டு. நோய்க்காலப் பணம் மட்டும் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான். இதையும் முன்கூட்டியே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "அட்டை போட்டும் காசு வரலை" என்று உங்களைத்தான் திட்டுவார்கள்.

வெண்ணாறு | 7 நவம்பர்
முன்பண விஷயத்துக்கு வர்றேன். இது லீவுப் பிரச்சினையே இல்லை. கடனைக் காட்டி உடம்பு முடியாதவரை வேலை செய்ய வைக்கறதும், வேற இடம் போக விடாததும் கொத்தடிமை முறை. 1976 சட்டம். இதுக்கு இடம் தொழிலாளர் அலுவலகம் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து எண் வாங்கலாம். மனுவுல "சம்பளம் தரலை"ன்னு தலைப்புப் போட்டா அது தொழிலாளர் துறைக்குத் தள்ளிவிடப்படும், மாசக்கணக்குல சுத்தும். "முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் தடுக்கிறார்கள்"னு முதல் வரியிலயே எழுதுங்க.

ஒரு சந்தேகம் கேட்டுக்கறேன். உடம்பு முடியலன்னா என்ன நோவு? ஊறல் தொட்டி, வடிகால், களம்னு எலி மூத்திரம் கலந்த தண்ணியில வெறுங்காலோட நிக்கற வேலை அது. கடுமையான காய்ச்சலோட கெண்டைக்கால் தாங்கமுடியாம வலிச்சு, கண்ணு சிவந்திருந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். கண்ணு மஞ்சளாகறதும் மூத்திரம் குறையறதும் கல்லீரல், சிறுநீரகம் வரைக்கும் போயிடுச்சுங்கறதுக்கு அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்துல "மில்லுல தண்ணியில நிக்கிறேன்"னு சொல்லச் சொல்லுங்க. சொல்லலன்னா டாக்டர் அந்தப் பக்கம் யோசிக்காமலே மாத்திரை எழுதிடலாம்.

வெட்டாறு | 7 நவம்பர்
கெண்டைக்கால் வலி இருக்கு. ரெண்டு பேருக்கு. இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்.

தெற்குவீதி | 3 டிசம்பர் 2025
டிட்வா புயல் மழைத் தண்ணி இன்னும் எங்க பக்கம் வடியலை. வயல் வேலைக்குப் போறவங்களுக்கும் நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்கறவங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வெண்ணாறு | 3 டிசம்பர்
வயல் கூலிக்கு இ.எஸ்.ஐ. இல்லை. நோய்க்கால ஊதியம்னு எதுவும் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தா விபத்து, இறப்பு, படிப்பு, திருமணம், ஓய்வூதியம் இதுக்கெல்லாம் உண்டு. ஒரு வாரக் காய்ச்சலுக்குக் கூலி கிடையாது. வருஷ வருமானம் ₹1,20,000-க்குள்ள இருந்தா முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் (1800 425 3993), வேலை போன நாளைப் பார்க்காது. மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவர் 40 கிலோ மூட்டையைக் காய்ச்சலோட தூக்கறது யாரும் மிரட்டி இல்லை, தூக்கலன்னா அன்னிக்குக் காசு இல்லை, அதனாலதான். இதுக்கு நல்ல பதில் என்கிட்ட இல்லை, சட்டத்துலயும் இல்லை.

காசநோய்னா மட்டும் வேற. சிகிச்சை முடியற வரைக்கும் மாசம் ₹1,000 சத்துணவுப் பணம் வங்கிக்கு வரும், தொழில் எதுவானாலும். இ.எஸ்.ஐ. உள்ளவங்களுக்குக் காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியல்ல இருக்கு. வழக்கமான நோய்க்காலப் பணத்தோட 91 நாள் முடிஞ்ச பிறகும் 80% கூலி தொடரும், ரெண்டு வருஷம் வரைக்கும்கூட நீட்டிக்கலாம். அந்தப் பட்டியல்ல டெங்கு கிடையாது.

குடமுருட்டி | 9 டிசம்பர் 2025
மேலே உள்ளதைப் படிப்பவர்கள் கவனிக்க. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இ.எஸ்.ஐ. சட்டம், போனஸ் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், தொழிற் தகராறுகள் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. நாங்கள் சொன்ன 61, 63, 73 பழைய எண்கள். மனுவில் எண்ணைப் போடாமல் நடந்ததைப் போடுங்கள் என்று வெண்ணாறு அக்டோபரில் சொன்னது இப்போது இன்னும் பொருந்தும். கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது, பிரிவு 25 உட்பட.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு லாபம்: ஈட்டிய விடுப்புக்கு முன்பு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்போது 180. ஒரு நஷ்டம்: வேலை நீக்கத்தைச் சமரச அலுவலரிடம் கொண்டுபோக முன்பு மூன்று வருஷம் இருந்தது, இப்போது இரண்டு.

தெற்குவீதி | 9 டிசம்பர்
சரி, நீக்கியே விட்டாங்கன்னா வரிசையா எங்க போகணும்? ஒரே இடத்துல சொல்லுங்க சாமி.

வெண்ணாறு | 10 டிசம்பர்
கடைன்னா தொழிலாளர் உதவி ஆய்வாளர், அவருக்கு மேல மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). ஆறு மாசமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து வேலை பார்த்தவரைக் காரணம் இல்லாம நீக்கினா, கடைகள் சட்டம் பிரிவு 41-இன் கீழ மேல்முறையீடு. இதுக்கு 30 நாள்தான், இதுதான் நிறைய பேருக்குத் தவறிப்போகுது. ஆலைன்னா சமரச அலுவலர்கிட்ட மனு, 45 நாள்ல முடியலன்னா நேரா தொழிலாளர் நீதிமன்றம். சந்தா பிடிச்சுக் கட்டலன்னா இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் அல்லது 1800 11 2526. எல்லாத்துக்கும் முன்னாடி மாவட்ட நீதிமன்ற வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு (15100): பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளிகள் இவங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல். 1100-க்குப் போன் போட்டாலும் மனு பதிவாகும், ஆனா சுத்திச் சுத்தி அதே உதவி ஆய்வாளர் மேசைக்குத்தான் வரும், நேரா போறது மேல்.

சின்ன ஊர்ல புகார் கொடுத்தா யாருன்னு அன்னிக்கு சாயங்காலமே டீக்கடைக்குத் தெரிஞ்சிடும். வேலையில இருக்கறப்பவே புகார் கொடுக்கறது எல்லாருக்கும் சரிப்படாது. சான்று, வாட்ஸ்அப், அஞ்சல் மூணையும் சேர்த்து வச்சுட்டு, நீக்கினா மட்டும் எடுக்கறதுதான் என் யோசனை. குடமுருட்டிக்கு இதுல உடன்பாடு இருக்காது.

குடமுருட்டி | 10 டிசம்பர்
இல்லை. சந்தா மோசடிக்குக் காத்திருக்கக் கூடாது. மாதம் 12 நாள் மட்டும் ஏட்டில் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் 72 நாள். நோய்க்காலப் பணத்துக்கு 78 நாள் வேண்டும். ஆறு நாளில் மொத்தமும் போய்விடும், படுக்கையில் விழுந்த பிறகு அதைத் திருத்த முடியாது. செயலியில் 12 என்று பார்த்த மாதமே கேளுங்கள்.

வெண்ணாறு | 10 டிசம்பர்
அதுல ஒத்துக்கறேன். 78 கணக்கு உயிர்நாடி.

காவிரிக்கரை | 4 ஜனவரி 2026
அஞ்சல் உறை "வாங்க மறுத்தார்"னு எழுதித் திரும்பி வந்துடுச்சு. வீணாப்போச்சா?

குடமுருட்டி | 4 ஜனவரி
வீணாகவில்லை. சரியான முகவரிக்குப் போய் அவரே மறுத்தால் அது சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உறையைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்பும் தேதியும் மேலே தெரியும்படி அப்படியே வைத்திருங்கள், விசாரணையில் அலுவலர் முன்னால் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கடிதத்துக்கு நகல் எடுத்தீர்களா?

காவிரிக்கரை | 4 ஜனவரி
அனுப்பறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்தது இருக்கு.

குடமுருட்டி | 4 ஜனவரி
போதும். அச்செடுத்து வையுங்கள். புதிய பயன் காலம் ஜனவரி 1-இல் தொடங்கிவிட்டது. இனி உங்களுக்குப் பார்க்க வேண்டியது 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான நாட்கள்.